மேல்வெளியில் நனைந்த இருவர்

அந்த ஊரில் குழாயைத் திறந்தால் வருவது பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய மழை. அதைக் குடிப்பவர்களுக்கு, அந்த மழையில் யார் நனைந்தார்களோ அவர்களுடைய மனநிலை அரை நாளுக்கு ஒட்டிக்கொள்ளும். ஊர்க்காரர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் கிடையாது. தபால் தாமதமாக வருவதைப் போல, பேக்கரி ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருப்பதைப் போல, இதுவும் ஒரு நடைமுறை. ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை வங்கியில் மேலாளர் முதல் காவலாளி வரை காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தால் வரிசையில் நிற்பவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள். எப்போதோ யாரோ பரீட்சையில் தேறிய குஷியில் மேலே போய் நனைந்திருக்கிறார், அது இன்றைக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று புரிந்துகொண்டு, தாங்களும் ஒரு தம்ளர் வாங்கிக் குடித்துவிட்டுச் சிரிப்பில் சேர்ந்துகொள்வார்கள்.

மேலே என்றால் மேல்வெளி. ஊருக்குப் பின்னால் மலையேறி, கடைசி வீட்டையும் கடைசி மரத்தையும் தாண்டிப் போனால், மேகம் தரையோடு தரையாக நடமாடும் உயரத்தில் அது விரிந்து கிடக்கிறது. இடுப்பளவுக்குக் குத்துக்குத்தாகப் புல், அவ்வளவுதான். மூடுபனி வரும்போது புல்லின் ஒவ்வொரு தாளும் அதைச் சீவி, சொட்டாக்கி, தன் காலடியில் விட்டுக்கொள்ளும். மழையே பெய்யாத நாளிலும் அங்கே நடந்தவன் முழங்காலுக்குக் கீழே நனைந்துதான் இறங்குவான். புல்லுக்கு அடியில் கறுப்பு மண். எந்தக் காலத்திலோ செத்த புல்லும் வேரும் குளிரில் முழுசாக மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்து உண்டான மண் அது; ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் நீர் வழியும். அங்கே விழுகிற மழை விழுந்த வேகத்தில் ஓடிவிடாது. உள்ளே இறங்கி, தனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும் மழையைக் கொஞ்சம் நகர்ந்துகொள்ளச் சொல்லும். அது தனக்கு முன்னால் இருப்பதை நகர்த்தும். இப்படி ஒன்றை ஒன்று தள்ளித் தள்ளி, சரிவின் அடியில் இருக்கும் சதுப்பில் எல்லாவற்றுக்கும் மூத்த மழை வெளியே வந்து ஓடையாகும். இன்று பெருமழை கொட்டினால் இன்றே ஓடை பெருகும், ஆனால் பெருகி வருவது என்றைக்கோ பெய்தது. வானம் கைவிரித்துவிட்ட கோடை மாதங்களிலும் சதுப்பு விடாமல் கசிந்துகொண்டிருக்கும். வரிசை மட்டும் தப்பவே தப்பாது. எந்த மழைக்கு அடுத்து எந்த மழை என்பது ஊரில் பாதிப் பேருக்கு மனப்பாடம்.

ஆகவே ஊருக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் நல்லது நடந்தால் அடுத்த மழைக்கு மேல்வெளியில் போய்க் குடையில்லாமல் நிற்க வேண்டும். கல்யாணம் ஆனவர்கள், பிள்ளை பெற்றவர்கள், ஆபரேஷன் முடிந்து பிழைத்து வந்தவர்கள், காணாமல் போன நாய் திரும்பக் கிடைத்தவர்கள் என்று எல்லோரும் ஏறுவார்கள். தனக்குக் கிடைத்ததில் ஒரு பங்கைப் பின்னால் வருகிறவர்களுக்கு அனுப்பிவைப்பதாக அதற்கு அர்த்தம். வயிற்றெரிச்சலும் வன்மமும் உள்ளவர்கள் மழை நேரத்தில் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. முன்பு ஒருமுறை, சம்பந்தி வீட்டோடு சண்டை போட்ட ஒரு மனிதர் ஆத்திரம் அடங்காமல் மேலே போய் நனைந்துவிட்டார். வருடங்கள் கழித்து அந்த மழை இறங்கி வந்த அன்று பால்காரருக்கும் பேக்கரிக்காரருக்கும் கைகலப்பு, பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் ஆளுக்கொரு மூலையில், பேசி முடித்த கல்யாணம் ஒன்று நின்றே போனது. அதற்குப் பிறகு நகராட்சி மலைப்பாதையில் ஓர் இரும்புக் கதவு போட்டு, பக்கத்தில் ஓர் அறை கட்டி, ஆள் வைத்தது. மழை நேரத்தில் ஏறுகிறவரை நிறுத்தி, "மனசு எப்படி இருக்கு?" என்று கேட்பதுதான் அந்த ஆளின் உத்தியோகம்.

இந்தக் கதை நடந்த காலத்தில் அந்த உத்தியோகத்தில் இருந்தவளை ஊர் கேட்டம்மா என்று கூப்பிட்டது. கேட்பது சம்பிரதாயத்துக்குத்தான்; முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிடும். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்த பல் டாக்டரையே, "வாய் சிரிக்குது டாக்டர், கண்ணு சிரிக்கல. வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்கி எந்திரிச்சு வாங்க" என்று திருப்பி அனுப்பியிருக்கிறாள். டாக்டரும் மறுபேச்சுப் பேசாமல் இறங்கிப் போனார். ஊரில் அவளுக்குப் படிக்க வராத முகம் ஒன்றே ஒன்றுதான். அது அவள் புருஷனுடையது.

அவர் நகராட்சியில் குழாய் வேலை பார்ப்பவர். எப்பேர்ப்பட்ட அடைப்பையும் எடுத்துவிடுகிற அந்த மனிதருக்கு ஊர் வைத்த பட்டப்பெயர் அடைப்பு. அவ்வளவு குறைவாகப் பேசுவார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்த கேட்டம்மாவை வளர்த்த அண்ணன்தான் இந்த இடத்தைப் பார்த்து முடித்தார். "நல்ல கை, கெட்ட பழக்கம் கிடையாது, பேச்சு மட்டும் கொஞ்சம் கம்மி" என்றார். கொஞ்சம் என்று சொன்னது அண்ணனின் தாராளம். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோதே மழை பிடித்துக்கொண்டது. வழக்கப்படி இருவரும் மேல்வெளிக்கு ஏறினார்கள். புது ஜோடியைக் கதவில் யாரும் கேள்வி கேட்பதில்லை. அவள் சதுப்பை ஒட்டி நின்றாள். அவர் சரிவில் இன்னும் மேலே ஏறி, முதுகைக் காட்டிக்கொண்டு, புல்லைப் பார்த்தபடி நின்றார். "என்ன யோசிக்கிறீங்க?" என்று இவள் கத்திக் கேட்டதற்கு, "நல்ல மழை" என்று பதில் வந்தது. கல்யாண நாளைப் பற்றி அவர் வாய் திறந்து சொன்னது அது மட்டும்தான். அன்று தனக்கு எப்படி இருந்தது என்பதை அவளும் யாரிடமும் சொன்னதில்லை.

கெட்டவர் என்று சொல்லவே முடியாது. குரலை உயர்த்தியதில்லை. குளிர்காலத்தில் அவள் எழுவதற்கு முன்பே வெந்நீர் போட்டு வைத்துவிடுவார். கதவு கிறீச்சிட்டால் அடுத்த வேளைக்குள் கிறீச்சிடாது. மகள் பிறந்தபோது மருத்துவமனையில் குழந்தையைக் கையில் வாங்கினார், நெடுநேரம் பார்த்தார், நர்ஸிடம் திருப்பிக் கொடுத்தார், பிறகு வார்டுக் கோடியில் ஒழுகிக்கொண்டிருந்த குழாயைச் சரிசெய்யப் போய்விட்டார். இதெல்லாம் பிரியமா, இல்லை தொழில் புத்தியா என்பது அவளுக்கு விளங்கவில்லை. கல்யாணத்துக்குச் சில மாதம் முன்புதான் அவருக்குத் துறைமுக நகரத்தில் கப்பல் வேலை கிடைத்திருந்தது, அண்ணன் போய்ப் பேசிய பிறகு அதை விட்டுவிட்டார் என்று அக்கம்பக்கத்தில் ஒரு பேச்சும் இருந்தது. மாட்டேன் என்று சொல்ல வாய் வராமலேயே கட்டிக்கொண்டாரோ? இந்த ஒரு சந்தேகம் அவளுக்குள் பல்லில் மாட்டிய நார் மாதிரி இருந்தது. நேரே கேட்டால் "அப்படியெல்லாம் இல்ல" என்பார், அதை வைத்து என்ன செய்வது? ஆனால் அவர் அன்று நனைந்த மழை மேல்வெளியில் இருந்தது. தையற்காரர் இரட்டைப் பிள்ளை பிறந்ததற்காக ஆடித் தீர்த்த மழைக்கு அடுத்த மழை அது. அது வந்தால் தெரிந்துவிடும். அதற்காக அவள் காத்திருந்தாள்; சீக்கிரம் வர வேண்டுமே என்றும், வராமலே போனால் தேவலை என்றும், இரண்டு விதமாகவும் காத்திருந்தாள்.

இதற்கு நடுவில் ஊர் ஒரு தப்பு செய்தது. நன்றியினால் செய்த தப்பு என்பதால் யாரையும் குறைசொல்லத் தோன்றவில்லை. கேட்டம்மாவுக்குக் கல்யாணமாகி மூன்றாம் வருடம், எதிர்பாராமல் சொத்து வந்த எவரோ ஒரு தாராள மனிதர் நனைந்த மழை குழாயில் இறங்கியது. ஊரே அள்ளிக் கொடுக்கத் துடித்தது. மளிகைக்கடைக்காரர் எடைக்கு மேல் போட்டார், பிள்ளைகள் பென்சில்களைத் தானம் செய்தார்கள். அன்று பார்த்து நகராட்சிக் கூட்டம். "தண்ணி குடுக்குது, சந்தோஷம் குடுக்குது, பதிலுக்கு நாம அதுக்கு என்ன குடுத்தோம்? தலைக்கு ஒன்னுமில்லாம மொட்டையா வெயில்ல நிக்குதே அந்த மலை!" என்று நகராட்சித் தலைவி கேட்டபோது மண்டபத்தில் கண் கலங்காதவர் இல்லை. முடிதிருத்துபவர் மட்டும், தன் தலையைத் தடவிக்கொண்டு, "மொட்டையா இருந்தா என்ன? நானும்தான் இருக்கேன்" என்றார். அவர் அன்று பல்வலியால் தண்ணீர் குடிக்கவில்லை. அவர் பேச்சை யார் கேட்டார்கள்? வீட்டுக்கு ஒரு மரமாக மேல்வெளிக்குப் பரிசளிப்பது என்று தீர்மானமானது. கன்று கொடுக்க முன்வந்தவர் நாற்றுப்பண்ணை வைத்திருந்த கேட்டம்மாவின் அண்ணன். சீக்கிரம் வளரும் ஊசியிலை மரமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். சதுப்பு ஈரமாக இருந்தால் வேர் அழுகும் என்று குறுக்கே வாய்க்கால்களும் வெட்டினார்கள். ஒவ்வொரு மரத்திலும் வீட்டுக்காரர் பெயர் எழுதிய தகடு கட்டினார்கள். நடுகிற அன்று ஊர் முழுக்க மேலே போய், பாட்டுப் பாடி, நனைந்துவிட்டு வந்தது.

மரங்கள் நன்றாகவே வளர்ந்தன, அண்ணன் கைராசி அப்படி. அவை ஆளுயரம் ஆகும்வரை ஒன்றும் தெரியவில்லை. அதற்கப்புறம் கோடைகளில் ஓடை மெலிந்தது. மழைக்காலத்தில் நேர்மாறாக, பெய்த மழை ஊசிச் சருகின்மேல் வழுக்கி, வாய்க்கால்களில் விழுந்து, உட்காராமல் கொள்ளாமல் அன்றைக்கே செம்மண் நிறத்தில் கீழே வந்து நின்றது. வருடாந்திர மரவிழாவுக்குப் போன பிரமுகர்கள் நனைந்தால் அந்தத் தற்பெருமை சாயங்காலமே குழாயில் வந்துவிடும். ஊர் முழுக்க மோவாயைத் தூக்கிக்கொண்டு நடக்கும், எதிரே வருகிறவருக்கு யாரும் வழிவிட மாட்டார்கள். பிறகு ஒரு கோடையில், தையற்காரரின் மழை முறை வந்தபோது, ஓடை நூலாக இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தது. குடித்தவர்களுக்கு உதட்டோரம் ஒரு சின்னப் புன்னகை, அதோடு சரி. "நான் அன்னைக்கு ஆடின ஆட்டம் இவ்வளவுதானா?" என்று தையற்காரர் மனம் உடைந்துபோனார். அடுத்த வாரம் ஓடை நின்றுவிட்டது.

சமவெளியிலிருந்து லாரியில் தண்ணீர் வந்தது. சுத்தமான தண்ணீர், அதில் ஒன்றும் இல்லை. அவரவர் சொந்த மனநிலையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நாளை ஓட்டுவது எவ்வளவு சிரமம் என்று ஊருக்கு அப்போதுதான் தெரிந்தது. திங்கட்கிழமை வங்கியில் யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. சொந்த அலுப்பு, சொந்தக் கவலை, சொந்த முழங்கால் வலி என்று ஆளாளுக்கு மூட்டையைத் தாங்களே சுமந்தார்கள். மேல்வெளியிலோ கூத்தாக இருந்தது. காற்றே இல்லாத மதியங்களில் மரங்கள் அடிமுதல் நுனிவரை குலுங்கின. பறவைகள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, கூசுகிறது என்பதுபோல எழுந்து பறந்தன. மரங்கள் செழிப்பின் சந்தோஷத்தில் ஆடுகின்றன என்று ஊர் சொல்லிக்கொண்டது.

அண்ணன் ஒருநாள் கிளை கழிக்கப் போனார். கையில் ஒட்டிய பிசின் உதட்டில் பட்டது. அடுத்த கணம் அவர் தரையில் விழுந்து உருண்டு சிரித்தார். காரணமே இல்லாமல் பச்சைக் குழந்தையின் கால்விரல்களை எண்ண வேண்டும்போல இருந்தது அவருக்கு, அதுவும் இரண்டு குழந்தைகளுக்கு. சிரிப்பு அடங்கியதும் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இது தையற்காரருடையது. ஊர் குடிக்க வேண்டியதை இவருடைய மரங்கள் குடித்துக்கொண்டிருந்தன. அடுத்தது யாருடையது என்பதும் அவருக்குத் தெரியும். மலையிறங்கி வந்து தங்கையின் அறை வாசலில் நின்றார்.

"உள்ள வாங்கண்ணே, ஏன் அங்கேயே நிக்கிறீங்க?"

"தையற்காரர் மழைய மரம் குடிச்சிடுச்சும்மா. பூரா நான் குடுத்த மரம்."

அவள் கெட்டிலை அடுப்பில் வைத்தாள். அண்ணன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உன்னைக் கட்டிக்கொடுத்ததுலேருந்து, நீ நல்லா இருக்கியான்னு நான் ஒருநாள் கேட்டிருக்கேனா? கேட்டதில்ல. வருவேன், சாப்பிடுவேன், கேக்காமயே போயிடுவேன். கேட்டா நீ என்ன சொல்லுவியோன்னு பயம்."

"கேட்டிருந்தாலும் என்னண்ணே சொல்லியிருப்பேன்? எனக்கே தெரியல. அந்தத் தண்ணி வந்தாத்தான் தெரியும்."

அண்ணன் தேநீரைக் குடிக்காமல் எழுந்து போனார்.

மரங்களை வெட்ட வேண்டும் என்று அவர் கூட்டத்தில் சொன்னபோது மண்டபம் கொதித்தது. பரிசாகக் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்குவது எந்த ஊர் மரியாதை என்று கேட்டார்கள். ஒரு மரம் ஒரு வீட்டின் பெயர், அதில் எப்படிக் கோடாலி வைப்பது என்றார்கள். தலைவி நியாயமானவர்தான், இருந்தாலும் அவருக்கும் அழுகை வந்தது. அப்போது கேட்டம்மா எழுந்தாள். கூட்டங்களில் அவள் பேசியதே இல்லை. "ஒருத்தருக்குச் சட்டை வாங்கினாக்கூட அளவு கேட்டுட்டு வாங்குறோம். மலைகிட்ட யாரு கேட்டோம்? அதுக்குப் புல்லுதான் பிடிச்சிருந்துச்சு. நமக்குப் பிடிச்சதை மாட்டிவிட்டுட்டு நன்றி நன்றின்னோம்" என்றாள். அண்ணன் அதற்குமேல் யாருடைய ஒப்புதலுக்கும் நிற்கவில்லை. மறுநாள் காலையில் மேலே போய்த் தன் பெயர்த் தகடு தொங்கிய மரத்தைத் தானே வெட்டினார். அது தரையைத் தொடும்வரை சிரித்துக்கொண்டே விழுந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பிறகு நாளுக்கு ஒரு வீடாக, கோடாலியோடு ஊர் ஏறியது.

வெட்டியதோடு முடியவில்லை. மேல்வெளியின் ஓரங்களில் மிஞ்சியிருந்த புல் குத்துகளைத் தோண்டி, வேரோடு பிரித்து, பிரித்ததை மரம் நின்ற இடத்தில் ஊன்ற வேண்டியிருந்தது. வாய்க்கால்களை மூட வேண்டியிருந்தது. அந்த வேலையைக் குழாய்க்காரர் எடுத்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்க அடைப்பு எடுத்தவர் முதல்முறையாக அடைத்தார். கறுப்பு மண்ணைக் கட்டிகட்டியாக வெட்டி, வாய்க்காலின் குறுக்கே படிபடியாக அடுக்கி, தண்ணீர் ஒவ்வொரு படியிலும் தேங்கிப் பக்கவாட்டில் மண்ணுக்குள் போகும்படி செய்தார். மகள் பள்ளிக்கூடம் விட்டதும் வந்து அவருக்கு மண்கட்டி எடுத்துக் கொடுப்பாள். மனைவி பத்தடி தள்ளிப் புல் நடுவாள். மூவரும் மாதக்கணக்கில் ஒரே சரிவில் முழங்கால் போட்டு வேலை செய்தார்கள், அவர் பேசியது மொத்தமும் ஒரு போஸ்ட் கார்டில் அடங்கிவிடும். அவள் வேலைக்கு நடுவே நிமிர்ந்து பார்ப்பாள். தங்கள் மழை இன்னும் இந்த மண்ணுக்குள் இருக்கிறதா, இல்லை எந்த மரமோ குடித்து, வெட்டுப்பட்டு, விறகாகிவிட்டதா என்று மண்ணைக் கையில் எடுத்துப் பிழிந்து பார்ப்பாள். ஈரம் இருக்கும். யாருடைய ஈரம் என்று சொல்ல முடியாது.

இரண்டு மழைக்காலம் போனது. புல் வேர்பிடித்து, பனியைச் சீவத் தொடங்கியது. சதுப்பு முதலில் வியர்த்தது, பிறகு கசிந்தது. மூன்றாம் வருடக் கோடையின் உச்சியில், எதிர்பார்க்கவே கூடாத ஒரு மாதத்தில், ஓடை சத்தம் போட்டது. நகராட்சி குழாயைத் திறந்துவிட்டது. முதலில் வந்தது தையற்காரரின் மழையில் மரங்கள் விட்டுவைத்த கடைசிக் கொஞ்சம். ஊர் ஒருநாள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அலைந்தது, தையற்காரர் தெருவில் நின்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கைகொடுத்தார். மறுநாள் காலை கேட்டம்மா தன் அறையில் குழாயைத் திறந்து, ஒரு தம்ளர் பிடித்து, உட்கார்ந்துகொண்டு குடித்தாள்.

அது அவளுடையதுதான். பார்த்த மாத்திரத்தில் தன் கையெழுத்து தெரிவதுபோலத் தெரிந்தது. பயம். இனி யார் வீட்டில் தூங்கப் போகிறேன் என்கிற பயம். அண்ணன் மேல் ஆத்திரம், சுமை இறக்கிவிட்டான் என்று. இதற்கெல்லாம் மேலே, அன்றைக்கென்று வாங்கிய புதுச் செருப்பு இரண்டு குதிகாலையும் கடித்துத் தோலை உரித்த வலி. அன்று காலை ஊரில் எல்லோரும் நொண்டினார்கள். செருப்புக் கடையில் பெரிய பெரிய அளவாகக் கேட்டுக் கூட்டம் நின்றது. வகுப்பறைகளில் பெரிய மனிதர்களான ஆசிரியர்கள் அண்ணனை நினைத்து, அண்ணன் இல்லாதவர்கள்கூட, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனும் தன் பண்ணையில் குடித்திருந்தார். நொண்டிக்கொண்டே மலைப்பாதை ஏறி வந்தார், கண்ணெல்லாம் சிவந்து.

"இவ்வளவு பயந்தியாம்மா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீங்க தாங்குவீங்களா?" என்று அவள் அவரைக் கைபிடித்து உட்காரவைத்தாள். "அழாதீங்கண்ணே. பொறுங்க. இது என்னோட பாதிதான். அவரு மேல தள்ளி நின்னாரு. மேல விழுந்தது மெதுவாத்தான் வரும்."

மதியம் வந்தது. அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு தம்ளராகப் பிடித்துக் குடித்தார்கள். முதலில் ஒன்றும் இல்லாததுபோல இருந்தது. அவருடையது அல்லவா, சத்தமில்லாமல்தான் வந்தது. அதன்பின் அது அவளுக்குள் பரவியது, பரவிக்கொண்டே போனது, கரை தென்படவில்லை. அது நன்றி. வேறு ஒரு பெயரும் அதற்குப் பொருந்தாது. இந்தப் பெண் என்னோடு மலையேறி வந்தாளே, இந்த மழையில் நிற்கிறாளே, திரும்பிப் போய்விடவில்லையே என்று திக்குமுக்காடிப்போன ஒரு மனிதனின் நன்றி. திரும்பிப் பார்த்தால் எங்கே அழுதுவிடுவேனோ என்று புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். அதில் கப்பல் இல்லை, துறைமுகம் இல்லை, மாட்டேன் என்று சொல்ல வராத வாய் இல்லை. தேடிப் பார்த்தாள், ஒரு ஓரத்தில்கூட இல்லை. கேட்டம்மா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அண்ணன் தோளில் சாய்ந்து ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். அத்தனை வருடச் சந்தேகமும் அதோடு போய்விட்டது. அவளுக்கு வந்த சந்தோஷத்தை எழுத முயல்வது வீண்வேலை, இதை எழுதுகிறவனும் அந்த மதியம் அந்தத் தண்ணீரைக் குடித்தவன் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஊருக்கு அந்த மதியம் மாதிரி ஒரு மதியம் அதற்கு முன் வாய்த்ததில்லை. பஸ் டிரைவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி, ஏறியவர்களுக்கு நன்றி சொன்னார். பஸ் பொழுது சாய்ந்துதான் போய்ச் சேர்ந்தது, யாரும் கோபிக்கவில்லை. பல் டாக்டர் வாய் திறந்து காட்டியவர்களுக்கெல்லாம் நன்றி சொன்னார். முடிதிருத்துபவரிடம் வந்து, அன்றைக்கு உங்கள் பேச்சைக் கேட்கவில்லை என்று கைகுலுக்கிப் போனார்கள். அறுபது வருடமாக ஒரே மேசையில் சாப்பிட்ட கிழவர் ஒருவர் தன் மனைவியிடம் உப்பை நகர்த்தியதற்காக எழுந்து நின்று நன்றி சொன்னார். அந்த அம்மாள் பயந்துபோய் டாக்டருக்கு ஆளனுப்பினார். வந்த டாக்டரும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

குழாய்க்காரர் காலையிலிருந்து நீரேற்று அறையில் வேலையில் இருந்தார். அவரும் அதே குழாயில்தான் குடித்தார். தன்னுடையது அவருக்குப் புதிதில்லை. காலையில் குடித்ததுதான் அவரை உலுக்கியிருந்தது. பாதி மரை முடுக்கிய நிலையில் வேலையை விட்டுவிட்டு, ஸ்பேனர் கையிலேயே இருக்க, மலைப்பாதையில் ஏறி வந்தார். மச்சானைப் பார்த்ததாகவே தெரியவில்லை. நேரே மனைவி முன்னால் வந்து நின்றார்.

"அன்னைக்குச் செருப்பு கடிச்சுதா உனக்கு?"

"ஆமா."

"ரெண்டு கால்லயும்?"

"ரெண்டு கால்லயும்தான்."

"சொல்லியிருக்கலாமே. தூக்கிக்கிட்டு இறங்கியிருப்பேனே."

அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது ஊரில் யாருக்கும் நினைவில் இல்லை. அதோடு நிற்கவும் இல்லை. இவ்வளவு பயத்தோடு நீ நின்றது எனக்குத் தெரியவே தெரியாது, நீயும் என்னைப் போலவே இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன் என்றார். சொல்லிவிட்டுக் கீழே குந்தி, ஸ்பேனரை ஓரமாக வைத்து, அவளுடைய குதிகால்களைத் திருப்பிப் பார்த்தார். தழும்புகூட இல்லை. இருந்தாலும் வெகுநேரம் பார்த்தார். அண்ணன், "நான் வரேம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்தார், பிறகு போகாமல் சற்றுத் தள்ளிப் போய் மேல்வெளியைப் பார்த்து நின்றுகொண்டார்.

அந்த வருடம் முதல் மழை பிடித்தபோது கேட்டம்மாவும் குழாய்க்காரரும் வீட்டைப் பூட்டிவிட்டு மலைப்பாதையில் ஏறினார்கள். கதவில் அன்று அவளுக்குப் பதில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். தெரிந்தவர்கள் என்று விட்டுவிடாமல், நகராட்சி விதிப்படி இருவரையும் நிறுத்தி, "மனசு எப்படி இருக்கு?" என்று கேட்டார். தங்கை சொன்ன பதில் மழைச் சத்தத்தில் கேட்கவில்லை, ஆனால் இந்த முறை அவருக்கே முகம் பார்த்துத் தெரிந்தது. கதவை அகலத் திறந்துவிட்டார். இருவரும் ஒரே இடத்தில், தோளோடு தோளாக, பல் கிட்டிக்கும்வரை நின்றுவிட்டு இறங்கி வந்தார்கள். அந்த மழை இப்போது கறுப்பு மண்ணுக்குள் இருக்கிறது. அதற்கு முன்னால் இன்னும் நிறைய மழைகள் உட்கார்ந்திருப்பதால் அவசரமில்லை. அது இறங்கி வருகிற அன்று இந்த ஊரில் தண்ணீர் குடிப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.